சயாம் வேண்டாம் என்றார் அம்மா: மூன்று தலைநகரங்களில் எது?

தீபாவளிக்கு மறுநாள் மாலை, மிச்சமிருந்த முறுக்கைக் கொறித்துக்கொண்டு வீட்டு முன்பக்க அஞ்சடியில் உட்கார்ந்திருந்தபோது ஆரம்பித்த பேச்சு இது. அக்கா வீடு, தங்கச்சி வீடு, எங்கள் வீடு என மூன்று குடும்பமும் இரண்டு வருடமாகக் கட்டிவந்த சீட்டுப் பணம் கைக்கு வந்துவிட்டது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் பதினோரு பேரும் சேர்ந்து எங்கேயாவது போகலாம். எங்கே?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் இந்தக் கேள்விக்குக் காலங்காலமாக ஒரே பதில்தான்: தாய்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹாட்யாய். ராத்திரி வேன் ஏறி, விடிகாலையில் எல்லையில் வரிசை பிடித்து, இரண்டு நாள் சாமான் வாங்கிக்கொண்டு திரும்புவது. கையில் இன்னும் கொஞ்சம் காசு இருந்தால் பாங்காக். மச்சான் ‘பாங்காக்’ என்று சொல்லி முடிப்பதற்குள் பிள்ளைகள் கையைத் தூக்கிவிட்டார்கள். அம்மா மட்டும் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, “சயாமுக்கா? நீங்க போயிட்டு வாங்கப்பா” என்றார். தாய்லாந்து அவருக்கு இன்னும் சயாம்தான்.

அம்மாவின் பெரியப்பாவை ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கூட்டிப்போனார்கள். அவர் திரும்பவில்லை. அம்மா பிறப்பதற்கு முன்பே நடந்த கதை. ஆனால் அந்தப் பெரியப்பாவுக்கு எந்த நாளில் திதி கொடுப்பது என்று தெரியாமலே பாட்டி கண்ணை மூடியதை அம்மா பார்த்திருக்கிறார். அதனால் ஹாட்யாய்க்குக்கூட அவர் இதுவரை வந்ததில்லை. எழுபத்து நான்கு வயதில் அவரை மாற்ற எனக்கு ஆசையும் இல்லை.

சரி, சயாம் வேண்டாம். சிங்கப்பூருக்குப் போனால் சீட்டுப் பணம் இரண்டு ராத்திரி ஓட்டலுக்கே போய்விடும். அப்போதுதான் யாரும் பேசாத ஒரு தலைநகருக்குப் போகலாமே என்றேன். விசா தேவைப்படாத, கோலாலம்பூரிலிருந்து மூன்று மணி நேர விமானப் பயணத்துக்குள் அடங்குகிற மூன்று ஊர்களை எடுத்துக்கொண்டேன்: புருணையின் பண்டார் செரி பெகாவான், கம்போடியாவின் புனோம் பென், லாவோஸின் வியந்தியான். பின்னிரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். புருணைக்கு என்னோடு வேலை செய்யும் ஆசிரியர் ஒருவர் இரண்டு தடவை போய் வந்தவர். அவர் சொன்னதை வைத்துத்தான் அதைப் பேச முடியும்.

புருணையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். அம்மாவுக்கு அதுதான் மிகச் சுலபமான ஊர். மலாய் பேசினால் போதும். நேரம் மாறாது, சோற்றுக்குத் தட்டுப்பாடு இல்லை. நீருக்கு மேல் கால்நட்டு நிற்கும் கம்போங் ஆயர் வீடுகளைச் சும்மா படகில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். 1521-இல் மெகல்லனின் கப்பல்களோடு வந்த பிகாபெத்தா என்ற இத்தாலியர் வியந்து எழுதிவைத்த ஊர் அது, இன்னும் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். 1958-இல் கட்டி முடித்த ஒமார் அலி சைபுடின் பள்ளிவாசலின் தங்கக் குவிமாடம் நீரில் தெரிவது ஒரு காட்சி. அதே படகில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் நீண்ட மூக்குக் குரங்குகளைப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

ஆனால் காசு இடிக்கிறது. புருணை டாலரும் சிங்கப்பூர் டாலரும் ஒன்றுக்கு ஒன்று. அதாவது கையிலிருந்து போகிற ஒவ்வொரு டாலரும் நமக்கு மூன்று வெள்ளிக்கு, அதாவது மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல். வெள்ளிக்கிழமை மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் அடைத்துவிடுவார்கள். மது விற்பனை கிடையாது என்று நான் சொன்னதும் மச்சான், “ஊர் நல்ல ஊர்தான், வயசானவங்க போகலாம்” என்று எழுந்து போய்விட்டார். என் தயக்கம் வேறு. மலாய் பேசுகிற, மலாய்ச் சாப்பாடு சாப்பிடுகிற, பள்ளிவாசல் பக்கத்தில் இருக்கிற ஊர் எங்களுக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. விமானம் ஏறி இன்னொன்றைப் பார்க்க வேண்டுமா?

புனோம் பென் அப்படித் தள்ளிவிடக் கூடிய ஊர் இல்லை. அங்கே போகிறவர்களில் பாதிப் பேர் அங்கோர் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு ராத்திரி தங்குகிறவர்கள். அவர்கள் அவசரமாகத் தாண்டிப்போகும் சிவப்புக் கட்டடம் ஒன்று அரண்மனைக்குப் பக்கத்தில் இருக்கிறது, 1920-இல் திறந்த தேசிய அருங்காட்சியகம். நான் உள்ளே போனது காலை ஒன்பது மணிக்கு, வெளியே வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. எட்டுக் கையோடு ஆளைவிடப் பெரிய விஷ்ணு, கோவர்த்தன மலையைத் தூக்கி நிற்கும் கிருஷ்ணன், தும்பிக்கை வளைந்த பிள்ளையார். நம் ஊர்க் கோயிலில் வண்ணம் பூசி மாலை போட்டுப் பார்த்த சாமிகள் எல்லாம் வெறும் கல்லாக, வேறு மூக்கும் வேறு உதடுமாக நின்றன. கெமர் எழுத்தே பல்லவர் எழுத்திலிருந்து பிறந்ததுதான். தமிழ்நாட்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குகைக் கோயில் குடைந்த அதே காலத்தில் அங்கேயும் மகேந்திரவர்மன் என்று ஒரு ராசா இருந்தான். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

இதே ஊரில்தான் துவோல் ஸ்லெங் இருக்கிறது. நான் ஆசிரியன் என்பதால் அந்த இடம் எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே தைத்தது. அது பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம். 1975-இல் கெமர் ரூஜ் என்ற கம்போடியக் கம்யூனிஸ்ட் படை ஊரைப் பிடித்து மக்களை மொத்தமாக வெளியேற்றியபின், வகுப்பறைகளுக்கு நடுவே செங்கல் சுவர் வைத்துச் சின்னச் சின்னச் சிறைகளாக்கினார்கள். பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் உள்ளே போனார்கள், உயிரோடு மீண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நடைபாதை, படிக்கட்டு, விளையாட்டுத் திடல் எல்லாமே நம் பள்ளிக்கூடம் மாதிரிதான். கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய இடம். ஆனால் தங்கச்சியின் கடைக்குட்டிக்குப் பத்து வயது. அவனை அங்கே கூட்டிப்போகவும் முடியாது, ஓட்டலில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது.

இன்னொரு தொல்லை நடப்பது. புனோம் பென்னில் நடைபாதை என்பது மோட்டார் நிறுத்துகிற இடம். சாலையைக் கடக்க அம்மாவுக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும். பணம் டாலரிலும் ரியெலிலும் கலந்து புழங்கும், ஒரு டாலருக்கு நாலாயிரம் ரியெல் என்ற கணக்கு. டாலர் நோட்டில் சின்னக் கிழிசல் இருந்தால் வாங்க மாட்டார்கள். அக்காவும் நானும் மட்டும் போவதென்றால் யோசிக்காமல் புனோம் பென் என்று சொல்லிவிடுவேன். பதினோரு பேர் என்பதால்தான் இந்த ஒப்பீடே.

இனி வியந்தியான். ஏன் யாரும் அங்கே போவதில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. கடல் இல்லை, கண்ணைப் பறிக்கும் கோட்டை இல்லை. லாவோஸுக்குப் போகிறவர்கள் வடக்கே லுவாங் பிரபாங்குக்குப் போய்விடுகிறார்கள், யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஊர் அது. அப்புறம், வியந்தியானில் பழைய கட்டடங்கள் அதிகம் மிஞ்சவே இல்லை. 1828-இல் சயாம் படை வந்து நகரைச் சூறையாடி எரித்துவிட்டது. அரசன் அனுவோங் சயாமை எதிர்த்துக் கிளம்பியதற்குக் கொடுத்த விலை. இதை அம்மாவிடம் சொன்னபோது, “அவனுங்க அப்பவே அப்படியா?” என்றார். எங்கள் பெரிய பாட்டனைக் கூட்டிப்போனது சயாம்காரன் இல்லை, ஜப்பான்காரன் என்று விளக்கினேன். காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

பாங்காக்கில் எல்லாரும் வரிசையில் நின்று பார்க்கும் மரகத புத்தர் இருக்கிறதே, அது இருநூறு வருடத்துக்கு மேல் வியந்தியானில் இருந்த சிலை. மன்னர் சேத்தாதிராத் 1560 வாக்கில் தலைநகரை இங்கே மாற்றி, அந்தச் சிலைக்காகவே ஹோ பிரா கேவ் என்ற கோயிலைக் கட்டினார். 1779-இல் சயாம் தளபதி எடுத்துக்கொண்டு போய்விட்டார். 1828-இல் எரிந்த கோயிலைப் பிற்பாடு திரும்பக் கட்டிவிட்டார்கள், கருவறையில் சாமி இல்லை. எடுத்துப்போன இடத்தில் கூட்டமும் எடுபட்ட இடத்தில் அமைதியும் இருக்கிறது. சாலைக்கு அந்தப் பக்கம் சிசாகெட் கோயில், 1818-இல் கட்டியது, 1828-இல் எரியாமல் தப்பியது. சுற்றுப் பிரகாரச் சுவர் முழுக்கப் புறாக்கூடு மாதிரிக் குழிகள், ஒவ்வொன்றிலும் புத்தர், ஆயிரக்கணக்கில். நான் போன நாளில் எங்களைத் தவிரப் பூனை ஒன்றுதான் இருந்தது.

இந்த இரண்டு கோயிலும் எதிரெதிரே. அங்கிருந்து மேகோங் ஆற்றங்கரைக்குச் சின்ன நடை. முட்டி வலிக்கிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது வீட்டில் வயசானவர் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். அகலமான சாலையின் மறுகோடியில் நிற்கிறது பத்துசாய் வளைவு. பாரிஸ் வளைவைப் பார்த்துக் கட்டியது. 1957-இல் தொடங்கி, அமெரிக்கா விமான ஓடுபாதை போடக் கொடுத்த சிமெண்டை இதற்குப் போட்டுவிட்டார்களாம், அதனால் ‘நட்டுவைத்த ஓடுபாதை’ என்று கேலிப் பெயர். நம் ஊரில் கோயில் நிதியில் மண்டபம் கட்டிய கதைகளைக் கேட்டு வளர்ந்தவனுக்கு இது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

அதையும் தாண்டிப் போனால் தாட் லுவாங், பொன்னிறத் தூபி. 1566-இல் எழுப்பி, பின்னர் பாழாகி, பிரெஞ்சுக்காரர்கள் 1930-களில் பழைய ஓவியங்களை வைத்துத் திரும்பக் கட்டியது. நவம்பர் பௌர்ணமியில் இங்கே பெரிய திருவிழா நடக்கும், மெழுகுவர்த்தி ஏற்றி மூன்று முறை சுற்றி வருவார்கள். நம் கார்த்திகை தீபமும் பெரும்பாலும் அதே பருவத்தில்தான். அவர்கள் புத்தாண்டும் ஏப்ரல் நடுவில், நம் சித்திரையை ஒட்டி வரும்.

வியந்தியானில் எனக்கு மறக்காத இடம் இவை எதுவும் இல்லை. நகர நடுவே நாம்பு நீரூற்றுக்குப் பின்னால் ஒரு சந்து. அதற்குள் ஒரு பள்ளிவாசல், ஜாமியா மஸ்ஜித். உள்ளே அரபு, லாவோ, உருது, ஆங்கிலத்தோடு ஐந்தாவதாகத் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். மேகோங் கரையில், செங்கொடியில் அரிவாளும் சுத்தியலும் பறக்கிற ஒரு நாட்டில், ‘ழ’வைப் பார்த்துவிட்டு நான் சந்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அங்கே வந்து தொழில் செய்திருக்கிறார்கள். கப்பல் ஏறிய நம் ஆட்கள் எல்லாரும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டத்தான் போனார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கள் தாத்தாவை வைத்து உலகத்தை அளந்த பழக்கம்.

கம்யூனிஸ்ட் நாடு என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனிச் சுவை உண்டு. 1948 ஜூனில் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்ட்காரர்கள் சுட்டதில்தான் மலாயாவின் அவசரகாலமே ஆரம்பித்தது. கம்யூனிஸ்ட் என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்லப் பயந்த தலைமுறையின் பேரன்கள் விடுமுறைக்கு அங்கே போகிறோம். அங்கே தெருவில் பார்த்தால் அந்தப் பயம் எதுவும் தெரியாது. சாயங்காலம் ஆற்றங்கரையில் பெண்கள் வரிசை கட்டிப் பாட்டு வைத்து உடற்பயிற்சி செய்கிறார்கள், பக்கத்திலேயே ராத்திரிச் சந்தை போடுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்று தங்கச்சி கேட்டாள். நியாயமான கேள்வி. பெரிய விளையாட்டுப் பூங்கா, பேரங்காடி என்று எதிர்பார்த்தால் வியந்தியான் ஏமாற்றும், இரண்டாம் நாளே “போர்” என்பார்கள். அதற்கு என்னிடம் இருக்கிற துருப்புச் சீட்டு, ஊரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் இருக்கும் புத்தர் பூங்கா. புன்லேவா சுலிலாத் என்ற சாமியார் 1958-இல் ஆரம்பித்து சிமெண்டில் வடித்துத் தள்ளிய சிலைகள்: சிவன், விஷ்ணு, மூன்று தலை யானைமேல் இந்திரன், நாற்பது மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர். பூசணிக்காய் மாதிரி ஒரு கட்டடம், பூதத்தின் வாய்க்குள் புகுந்தால் கீழே நரகம், நடுவில் பூமி, மேலே சொர்க்கம். கலை என்று பார்த்தால் கரடுமுரடுதான். அக்காவுக்குப் பிடிக்காது. பத்து வயதுப் பையனுக்கு உயிர்.

இன்னோர் இடத்துக்கும் பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப்போவேன். கோப் என்ற நிறுவனத்தின் பார்வையாளர் கூடம், செயற்கைக் கால் கை செய்து கொடுக்கும் இடம். 1964-லிருந்து 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ்மீது இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. கொத்துக் குண்டுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெடிக்காமல் மண்ணில் கிடந்துவிட்டது. வயலில் மண்வெட்டி போடுகிறவன், பழைய இரும்பு பொறுக்குகிற சிறுவன், விறகு மூட்டுகிற பெண் என்று இன்றைக்கும் ஆட்கள் சிக்குகிறார்கள். துவோல் ஸ்லெங் போல அது நெஞ்சை அறுக்காது. கூரையிலிருந்து தொங்கும் பழைய மரக்கால்களைப் பார்த்துப் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், பதில் சொல்ல முடியும்.

செலவுக்கு வருவோம். இன்றைய நிலையில் ஒரு வெள்ளிக்கு லாவோஸ் பணமான கிப் ஐயாயிரம் அளவில் கிடைக்கிறது. ஒரு லட்சம் கிப் நோட்டு நமக்கு ஏறத்தாழ இருபது வெள்ளிதான். பிள்ளைகளை லட்சாதிபதி ஆக்கிவிடலாம். ஒரு எச்சரிக்கை: போன தடவை மிச்சமான கிப்பை ஈப்போவில் ஒரு நாணய மாற்றுக் கடையில் நீட்டியபோது, அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தே அனுப்பிவிட்டார். ஆறு லட்சம் கிப் இன்னும் என் மேசை டிராயரில் இருக்கிறது. அங்கேயே செலவழித்துவிட்டு வர வேண்டும்.

சாப்பாட்டில் அம்மாவுக்கும் அக்காவுக்கும் கொஞ்சம் சிரமம் உண்டு, மறைக்க மாட்டேன். பப்பாளிக்காய் இடித்த சாலட்டிலிருந்து கீரை வரை மீன் சாறு விழும். ஆனால் ஆற்றங்கரைப் பக்கம் இந்தியச் சாப்பாட்டுக்கடைகள் சில இருக்கின்றன. காலையில் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன நீள ரொட்டியில் முட்டை வைத்துத் தருவார்கள், பசியாற அது போதும். மூங்கில் கூடையில் வரும் ஒட்டரிசிச் சோறு எனக்குப் பிடித்தது. கையால் உருட்டித்தான் தின்ன வேண்டும், கரண்டி பிடிக்கத் தெரியாத குற்றவுணர்ச்சி அங்கே கிடையாது. மச்சானுக்கு லாவோ பீர் கிடைக்கும். வேறு எதையும் தொட வேண்டாம் என்று முன்னமே சொல்லிவிட்டேன். 2024 நவம்பரில் வாங் வியெங்கில் மெத்தனால் கலந்த சாராயம் என்ற சந்தேகத்தில் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் செத்துப்போனார்கள். மூடி திறக்காத புட்டியில் பீர், அவ்வளவுதான்.

வாங் வியெங் பேச்சு வந்ததும்தான் அம்மா நிமிர்ந்து பார்த்தார், ரயில் என்று நான் சொன்னதால். சுண்ணாம்பு மலைகள் சூழ்ந்த ஊர் அது, நம் ஈப்போ மலைகளின் அண்ணன் தம்பி மாதிரி. முன்பு வியந்தியானிலிருந்து சாலை வழியே நாலு மணி நேரம் குலுங்கிப் போக வேண்டும். 2021 டிசம்பரில் சீன எல்லையிலிருந்து ரயில் வந்துவிட்டது, இப்போது ஒரு மணி நேரம். லாவோஸுக்குள் அந்தப் பாதையின் நீளம் 414 கிலோமீட்டர். சயாம்-பர்மா பாதை 415. நான் வேண்டுமென்று தேடிய கணக்கு இல்லை, கண்ணில் பட்டது.

அம்மாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்துவிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “அதுல உக்காந்து போறதுக்கு எத்தனை வெள்ளி?” என்றார்.

ஆக எங்கள் வீட்டு ஓட்டு வியந்தியானுக்கு. நான்கு ராத்திரி: மூன்று தலைநகரில், ஒன்று வாங் வியெங்கில். டிசம்பரில் மழை இருக்காது, ராத்திரி குளிரும், அம்மாவுக்கு ஸ்வெட்டர் வேண்டும். மார்ச், ஏப்ரலில் போகிறவர்களுக்கு வயல் எரிக்கிற புகை இருக்கும், யோசித்துக்கொள்ளுங்கள். சுங்கை சிப்புட்டில் இ.டி.எஸ். என்ற மின்சார ரயில் ஏறி கோலாலம்பூர் சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலையம். வேன் எடுப்பதைவிட அம்மாவின் காலுக்கு இது மேல். பிள்ளைகளுக்கு இன்னும் முகம் சரியில்லை. பாங்காக் அடுத்த சீட்டில் என்று தங்கச்சி வாக்குக் கொடுத்திருக்கிறாள்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. வியந்தியான் ரயில் நிலையத்தில் விமான நிலையம் போலப் பையைச் சோதிப்பார்கள். கத்தி, கத்தரிக்கோல், கொசு மருந்துப் புட்டி எல்லாம் எடுத்துவிடுவார்கள். அம்மாவின் பாக்குவெட்டி பாட்டி கொடுத்தது, தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குவார். அதை விட்டுவிட்டு வர வேண்டும் என்றதும் பயணமே வேண்டாம் என்றார். இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு அக்கா ஒரு வழி சொன்னாள். நேற்று மாலை அம்மா அஞ்சடியில் உட்கார்ந்து, ஐந்து நாளைக்குத் தேவையான பாக்கைக் கணக்குப் பண்ணி வெட்டிப் பார்த்தார். மைலோ டின்னில் பாதி வந்தது.